மலைக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு லினக்ஸில் நிரல் எழுதக் கற்பித்தல்: எங்கிருந்து தொடங்குவது?

குன்னூர்_ஆசிரியை | ஞாயிறு, இரவு 8.10

அனைவருக்கும் வணக்கம். குன்னூருக்கு அருகில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்களுக்குச் சி நிரலாக்கம் கற்பித்து வருகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, எங்கள் ஆய்வகத்தில் இருந்த பழைய கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கும் நிலையில் இல்லை. புதியவை வாங்க நிதியும் இல்லை. ஆகவே 22 கணினிகளையும் டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றினோம். அந்த வேலை நான்கு நாள்களில் முடிந்தது. மாணவர்களை அதில் பழக்குவதைத்தான், ஒரு பருவம் முழுவதும் கழிந்த பின்னும், சரியாகச் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெரும்பாலான மாணவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படித்திருக்கிறார்கள். ஆனால் சுட்டியைச் சொடுக்கி நிரலை ஓட்டிய அனுபவம் மட்டுமே அவர்களுக்கு உண்டு. வணிகவியல் பிரிவிலிருந்து வந்த சிலர் விசைப்பலகையையே இங்குதான் முதன்முறையாகத் தொடுகிறார்கள். பாதிப் பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். பலருடைய வீட்டில் கணினி இல்லை. கைபேசி உண்டு, அதற்கும் சாலை வளைவுக்கு ஏறி வந்தால்தான் சிக்னல் கிடைக்கும்.

சென்ற முறை முதல் வாரத்திலேயே, சொந்த மடிக்கணினி வைத்திருந்தவர்களை விண்டோஸுடன் லினக்ஸையும் சேர்த்து நிறுவச் சொன்னேன். அது என் தவறு. வன்தட்டைப் பிரிக்கும்போது ஒரு மாணவருடைய அக்காவின் இறுதியாண்டு புராஜெக்ட் கோப்புகள் அழிந்துபோயின. இன்னொருவரின் கணினி, மறுநாள் திறந்தபோது, விண்டோஸ் வன்தட்டுக்குப் போடும் பிட்லாக்கர் என்ற பூட்டின் மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிட்டது. அப்படி ஒரு சாவி இருப்பதே அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதன் பிறகு, லினக்ஸ் என்றால் கணினியைக் கெடுப்பது என்ற எண்ணம் வகுப்பில் படிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய நாற்பது கட்டளைகளை அச்சிட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். தேர்வில் நன்றாகவே எழுதினார்கள். ஆனால் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டும் திரையின் முன், அமர்ந்து, முதல் பிழைச் செய்தி வந்தவுடன், கையைக் கட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைதான் என்னை இங்கே எழுத வைக்கிறது. முதல் மாதத்தில் என்ன செய்தால், பிழைச் செய்தி வரும்போது அவர்கள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பார்கள்? மலைப்பகுதிக் கல்லூரிகளில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கூடலூர்_லேப் | ஞாயிறு, இரவு 9.05

வணக்கம் மேடம். கூடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். முதல் மாதத்தில் யாருடைய மடிக்கணினியிலும் எதையும் நிறுவ வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். வீட்டில் பழக விரும்புபவர்களுக்கு, வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும் லைவ் பதிப்பைக் கொடுத்து அனுப்புங்கள். எழுதிய கோப்புகள் அணைத்த பின்னும் இருக்க வேண்டுமென்றால், அந்தப் பென் டிரைவிலேயே சேமிப்புக்குத் தனி இடம் ஒதுக்கித் தர வேண்டும். இதை மறந்து, இரண்டு மணி நேரம் எழுதிய நிரலைப் பறிகொடுத்த மாணவர்கள் எங்களிடம் உண்டு.

ஆய்வகத்துக்கு இரண்டு செய்திகள். எங்கள் கணினிகளில் 2 ஜிபி ராம்தான் இருக்கிறது. அதனால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்பை நிறுவியிருக்கிறோம், அதில் தடையின்றி ஓடுகிறது. இரண்டாவது, இணையம் மெதுவாக இருக்கும் இடத்தில் இருபது கணினிகளும் ஒரே மென்பொருள் பொதியைத் தனித்தனியாக இறக்குவது வீண். ஏபிடி-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, மற்றவை அதன் வழியாக இறக்கும்படி அமைத்துவிட்டால், ஒரு முறை மலையேறி வந்த பொதி எல்லாக் கணினிகளுக்கும் அங்கிருந்தே கிடைக்கும்.

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. கணியம் தளத்தில் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் நூல்கள் கிடைக்கின்றன. இரண்டையும் சிக்னல் நன்றாக இருக்கும் நாளில் இறக்கி, ஆய்வகக் கணினி ஒன்றில் வைத்துவிட்டேன்.


கோத்தகிரி_நிரலர் | ஞாயிறு, இரவு 11.20

ஆசிரியையின் பதிவில் ‘திரையைப் பார்ப்பார்கள்’ என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். நான் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். நான் கற்றுக்கொண்ட விதம் இங்கே பயன்படலாம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையும் அதைத் தொடர்ந்த நிலச்சரிவுகளும் இங்கு இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது முதலாண்டு மாணவன். எங்கள் ஊருக்குச் சாலை இல்லை, தொலைபேசி இல்லை. மின்சாரம் திரும்பி வந்தபோதும் இணையம் வரவில்லை. வீட்டில் இருந்த பழைய கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு இருந்தது. முடிக்க வேண்டிய ஒரு பயிற்சியும் இருந்தது. கேட்பதற்கு ஆளில்லாத அந்த நாள்களில்தான், கணினிக்குள்ளேயே ஒரு முழு நூல் இருக்கிறது என்பதைக் கண்டேன். மேன் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால், அந்தக் கட்டளையை எழுதியவர்களின் விளக்கம் திரையில் விரியும். அதற்கு இணையம் தேவையில்லை. மழை, மூடுபனி, விழுந்த மரம் எதுவும் அதைத் தடுப்பதில்லை. நம் மலைக்கு ஏற்ற இயங்குதளம் இது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: தன்னைப் பற்றிய நூலைத் தன்னுடனேயே சுமந்து வருகிறது.

ஆனால் அந்த நூலைத் திறக்க யாரும் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. சொல்லாமல் விட்டால் முதல் முயற்சியிலேயே ஏமாந்துபோவார்கள். திரையில் அச்சிட உதவும் பிரின்ட்எஃப் பற்றி அறிய மேன் பிரின்ட்எஃப் என்று தட்டும் மாணவருக்கு, சி மொழியின் பிரின்ட்எஃப் வராது. அதே பெயரில் முனையத்தில் இயங்கும் கட்டளையின் பக்கம் வரும். ஏனென்றால் அந்தக் கையேடு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: முதல் பகுதியில் கட்டளைகள், இரண்டாம் பகுதியில் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நேரடியாக விடுக்கும் அழைப்புகள், மூன்றாம் பகுதியில் நிரலகச் செயற்கூறுகள். எனவே மேன் என்பதற்கும் பெயருக்கும் இடையில் 3 என்ற எண்ணைச் சேர்க்க வேண்டும். வேறு கோப்புறைக்குச் செல்ல உதவும் சிடி போன்ற சில கட்டளைகளுக்குப் பெரும்பாலும் தனிப் பக்கமே இருக்காது. அவை, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குள்ளேயே அமைந்தவை, அவற்றுக்கு ஹெல்ப் என்று தட்ட வேண்டும். பெயரே தெரியாதபோது, மேன் உடன் கே விருப்பத்தைச் சேர்த்து ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் விளக்கத்தில் வரும் பக்கங்களையெல்லாம் காட்டும்.

இன்னொன்று: டெபியனில் மேன்பேஜஸ்-டெவ் என்ற பொதியை நிறுவாவிட்டால் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் நிரலருக்குத் தேவையான பக்கங்கள் பெரும்பாலும் இருக்காது. சி தொகுப்பியைத் தரும் பில்ட்-எசென்ஷியல் பொதியுடன் இதையும் 22 கணினிகளிலும் நிறுவிவிடுங்கள், மேடம். இதைச் செய்யாத ஆய்வகங்களில், ‘கையேட்டில் எதுவும் இல்லை’ என்று மாணவர்கள் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மைதான்.


மஞ்சூர்_முதலாண்டு | திங்கள், காலை 6.45

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்வழியில் படித்து இப்போது முதலாண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். மாணவர் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

எங்கள் கல்லூரியில் முதல் சி நிரலை எழுதி, சோதனைதானே என்று அதற்கு டெஸ்ட் என்று பெயர் வைத்தேன். தொகுத்தபோது, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றியபோது, பிழை எதுவும் வரவில்லை. பிறகு டெஸ்ட் என்று தட்டினேன். திரையில் எதுவுமே வரவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை. அச்சிட வேண்டிய வரியைப் பத்து முறை திருத்தினேன். மூன்று நாள்கள், எனக்கு இந்தப் படிப்பு வராது என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் போய் வந்தேன். நான்காம் நாள் ஆய்வக அண்ணன் ஒருவர்தான், டெஸ்ட் என்ற பெயரில் ஷெல்லுக்குள் ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது, நான் தட்டும்போதெல்லாம் அதுதான் ஓடியது, என் நிரல் ஒரு முறைகூட ஓடவில்லை என்று சொன்னார். புள்ளியும் சாய்கோடும் முன்னால் சேர்த்துத் தட்டியதும் வணக்கம் என்று வந்தது.

பிழைச் செய்திகளில் உள்ள ஆங்கிலச் சொற்களின் பொருள் அகராதியில் கிடைக்கிறது. ஆனால் அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அகராதியில் இல்லை. அதை யாராவது தமிழில் எழுதி வைத்தால் எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.


குன்னூர்_ஆசிரியை | திங்கள், மாலை 5.30

மஞ்சூர் மாணவிக்கு: நீங்கள் அந்த மூன்று நாள்களைப் பற்றி எழுதியதற்கு நன்றி. என் மாணவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு பேருந்துப் பயணத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ என்று வகுப்பெடுக்கும்போது நினைத்துக்கொண்டேன்.

புள்ளியும் சாய்கோடும் ஏன் தேவை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காரணம் தெரியாவிட்டால் அது வெறும் சடங்காகிவிடும். ஷெல், நாம் தட்டும் பெயரை முதலில் தனக்குள்ளேயும், பிறகு பாத் என்ற பட்டியலில் உள்ள அடைவுகளிலும் (கோப்புறைகளிலும்) மட்டுமே தேடுகிறது. நாம் நிற்கும் அடைவு அந்தப் பட்டியலில் இல்லை, அதை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். பலர் பயன்படுத்தும் பொது அடைவில், யாராவது எல்எஸ் என்ற பெயரில் ஒரு தீய நிரலை வைத்துவிட்டால், அங்கு போய்க் கோப்புகளைப் பார்க்க நினைப்பவர் அதை அறியாமல் ஓட்டிவிடக் கூடும். ‘இங்கே இருக்கும் நிரலைத்தான் ஓட்டு’ என்று வெளிப்படையாகச் சொல்வதே அந்தப் புள்ளியும் சாய்கோடும். ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே அடைவைப் பகிரும் எங்களைப் போன்ற இடங்களில் இது கற்பனை ஆபத்து இல்லை.

தமிழில் எழுதி வைப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒரு படி மாற்றிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. நான் எழுதிக் கொடுத்தால் அது மீண்டும் ஒரு மனப்பாடப் பட்டியல் ஆகிவிடும். மாணவர்களே ஆளுக்கு ஒரு பிழை ஏடு வைத்துக்கொள்ளட்டும். செய்தியைத் திரையில் வந்தவாறே ஓர் எழுத்தும் மாறாமல் எழுத வேண்டும். அதன் கீழே அது என்ன சொல்கிறது என்பதைத் தன் சொந்தத் தமிழில். அதற்கும் கீழே, கடைசியில் எதை மாற்றியதும் சரியானது என்பதை. ரெக்கார்ட் நோட்டில் அழகாக வந்த விடைகளை மட்டுமே இத்தனை ஆண்டுகளாக எழுத வைத்திருக்கிறோம். தவறான வழிகளுக்கு நாம் ஒரு நோட்டும் கொடுத்ததில்லை.


கொடை_பேராசிரியர் | செவ்வாய், காலை 10.15

கொடைக்கானலில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியன். பிழை ஏடு என்ற எண்ணத்தை முழு மனத்துடன் வரவேற்கிறேன். அதில் முதல் மாதத்திலேயே இடம்பெறப் போகும் சில பிழைகளை முன்கூட்டிச் சொல்ல முடியும், ஏனென்றால் அவை மாணவர்களிடமிருந்து வருபவை அல்ல. நம் பழைய பாடக்குறிப்புகளிலிருந்து வருபவை.

நாம் பல ஆண்டுகள் டர்போ சி என்ற பழைய தொகுப்பியில் கற்பித்தோம். அது 1987-இல் டாஸ் இயங்குதளத்துக்காக வெளிவந்தது. அதிலிருந்து கைமாறி வந்த குறிப்புகளில் கோனியோ தலைப்புக் கோப்பும், திரையைத் துடைக்கும் வரியும், முடிவில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் வரியும் தவறாமல் இருக்கும். இவை சி மொழியின் தரத்தில் இல்லாதவை, லினக்ஸில் கிடைக்காதவை. மெயின் செயற்கூற்றை வாய்டு என்று தொடங்கும் பழக்கமும் அங்கிருந்து வந்ததே. பாடக்குறிப்பைத் திருத்தாமல் ஆய்வகத்தை மட்டும் மாற்றினால், மாணவர் எழுதும் முதல் வரியே பிழையாகும், அந்தப் பழி லினக்ஸ் மீது விழும்.

விடைகளும் மாறும். டர்போ சி-யில், முழு எண்ணை வைக்கும் இன்ட் என்பது 16 பிட். ஃபேக்டோரியல் நிரலில் 7-க்கு 5040 என்று சரியாக வரும். 8-க்கு 40320 வர வேண்டிய இடத்தில் -25216 என்று வரும். லினக்ஸில் நாம் பயன்படுத்தும் தொகுப்பியான ஜிசிசி-யில் இன்ட் 32 பிட். 12 வரை சரியாகப் போய், 13-இல் தவறும். இரண்டு விடைகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஏன் இந்த இடத்தில் உடைகிறது என்று கேட்டால், எண்கள் நினைவகத்தில் எப்படி இருக்கின்றன என்ற பாடத்தை ஒரு மணி நேரத்தில் நடத்திவிடலாம். நான் நடத்திய வகுப்புகளிலேயே மாணவர்கள் அதிகம் வாதாடிய வகுப்பு அதுதான்.

பழைய பென் டிரைவ்களிலிருந்து வரும் கோப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கோப்பின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்து, இறுதியில் வரும் சி-யும் பெரிய எழுத்தாக இருந்தால், ஜிசிசி அதைச் சி++ கோப்பு என்று எடுத்துக்கொள்ளும். நேற்று வரை தொகுந்த நிரல் இன்று வேறு பிழைகளைச் சொல்லும். பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றினால் போதும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு பிற்பகல் ஆனது.

மஞ்சூர் மாணவி கேட்ட அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் பற்றி: தொகுப்பது ஒரு படி, இணைப்பது அடுத்த படி. அந்தச் செய்தி இணைப்பியிடமிருந்து வருகிறது. ‘இந்தப் பெயரை நீ அழைத்திருக்கிறாய், அதன் உடல் எந்தக் கோப்பிலும் இல்லையே’ என்பது அதன் பொருள். வர்க்கமூலம் காணும் செயற்கூற்றை அழைத்துவிட்டுக் கணித நிரலகத்தைச் சேர்க்காமல் விட்டால் இது வரும். கட்டளையின் கடைசியில் எல்எம் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். மெயின் என்பதை மயின் என்று தவறாகத் தட்டினாலும் இதே செய்திதான் வரும்.

ஒரு கருத்தில் மட்டும் கூடலூர் நண்பரிடமிருந்து சற்று விலகுகிறேன். முதல் மாதம் நிறுவ வேண்டாம் என்பது சரி. ஆனால் முதலாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றிலாவது தன் கையால் ஒரு முறை முழுமையாக நிறுவிப் பார்க்க வேண்டும். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி அறிவித்தபோது, அவரும் ஒரு மாணவர்தான். இது ஒரு மாணவரின் மேசையில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் கேட்பதோடு நில்லாமல், கைபட்டும் உணர வேண்டும்.


கூடலூர்_லேப் | செவ்வாய், பிற்பகல் 1.20

ஐயா சொல்வதை ஏற்கிறேன். எங்களிடம் ஒதுக்கி வைத்த மூன்று கணினிகள் இருக்கின்றன; அவற்றை அதற்கே வைத்துவிடலாம்.


முத்தோரை_வாசி | செவ்வாய், இரவு 7.50

முத்தோரையில் வசிக்கிறேன். எங்கள் ஊர்ச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பள்ளி நாள்களிலிருந்து பார்த்து வளர்ந்தவன். 1970-இல் அதைக் கட்டியபோது, இந்த இடத்தின் அட்சரேகைக்கு நிகரான சாய்வு கொண்ட மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. இருக்கும் நிலத்தைத் தடையாக எண்ணாமல் கருவியாக்கிக்கொண்ட அந்த வேலை எனக்கு எப்போதும் முன்மாதிரி.

அந்த எண்ணத்தோடு சொல்கிறேன்: முதல் பயிற்சிகளுக்கான தரவை மாணவர்களின் சொந்த ஊரிலிருந்து எடுங்கள். ஒரு மழைக் கணக்குக் கோப்பு போதும். ஒரு வரிக்கு ஊர், நாள், மில்லிமீட்டர். அதில் அவலாஞ்சி என்று வரும் வரிகளைக் கிரெப் கொண்டு பிரிப்பது, சார்ட் கொண்டு வரிசைப்படுத்துவது, ஆக் கொண்டு மூன்றாம் பத்தியைக் கூட்டுவது, இவற்றைக் குழாய்க்குறியால் ஒன்றோடொன்று இணைப்பது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை எல்லோரும் அறிவார்கள். அந்த எண் வரிசையின் உச்சியில் வரவில்லை என்றால், கட்டளை தவறு என்பதை ஆசிரியர் சொல்லாமலே மாணவர் அறிவார். விடை எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்த தரவில்தான் பிழையைக் கண்டுபிடிக்கும் கண் திறக்கிறது.

சி எழுதுவதற்கு முன் இதை இரண்டு வாரம் செய்யலாம் என்பது என் கருத்து. ஒரு கட்டளையின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாவதைப் பார்த்த மாணவர், பிறகு தன் சி நிரலையும் அந்தக் குழாயின் நடுவில் வைக்க ஆசைப்படுவார்.


மஞ்சூர்_முதலாண்டு | புதன், இரவு 9.15

ஐயா சொன்னதை நேற்றிரவே செய்து பார்த்தேன். மழைக் கணக்கு என்னிடம் இல்லை. அம்மா தொழிற்சாலைக்குப் போட்ட பச்சைத் தேயிலைக் கணக்கு நோட்டு இருந்தது. இரண்டு மாதக் கணக்கைக் கோப்பில் ஏற்றினேன். கிலோவை வரிசைப்படுத்தியபோது 5 கிலோ போட்ட நாள் 38 கிலோ போட்ட நாளைவிடப் பெரியது என்று வந்தது. சார்ட் எண்ணை எழுத்தாகவே ஒப்பிடுகிறது, ‘என்’ (n) என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் எண்ணாக ஒப்பிடும் என்பதை மேன் பக்கத்திலேயே கண்டுபிடித்தேன். யாரையும் கேட்கவில்லை. ஆக் கொண்டு கூட்டிய தொகையில் 12 கிலோ குறைந்தது. பார்த்தால் ஒரு நாளை நான்தான் ஏற்றாமல் விட்டிருந்தேன். பிழை ஏட்டில் நான்கு பக்கம் நிரம்பியிருக்கிறது.

பிறகு அதே கணக்கைச் சி நிரலில் அட்டவணையாக அச்சிட முயன்றேன். ஊர்ப் பெயர்களைத் தமிழில் கொடுத்தேன். ஊர்ப் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியிருந்தேன். மஞ்சூர் என்பது நான்கு எழுத்துதான், தாராளம் என்று நினைத்தேன். நிரல் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் பாதியில் நின்றுவிடுகிறது. ஓடும்போதும் பத்திகள் நேராக நிற்கவில்லை. ஸ்டிரலென் கொடுத்து நீளம் பார்த்தேன், 21 என்கிறது. எங்கே தவறு செய்தேன் என்று புரியவில்லை.


கோத்தகிரி_நிரலர் | புதன், இரவு 10.40

தங்கை, நீங்கள் தவறு செய்த இடம் மிகவும் நல்ல இடம். பல ஆண்டு வேலை செய்தவர்களும் இங்கே இடறியிருக்கிறார்கள்.

நம் கண்ணுக்கு மஞ்சூர் நான்கு எழுத்து: ம, ஞ், சூ, ர். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோடு அதை ஏழு குறிகளாக வைத்திருக்கிறது: ம, ஞ, புள்ளி, ச, ஊகாரக் குறி, ர, புள்ளி. கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் செலவாகிறது. ஏழு மூன்று இருபத்தொன்று. ஸ்டிரலென் எண்ணுவது பைட்டுகளை, எழுத்துகளை அன்று. இறுதியில் சி மொழி வைக்கும் பூச்சியத்தையும் சேர்த்தால் 22 இடம் வேண்டும்; நீங்கள் கொடுத்தது 20. மிஞ்சிய இரண்டு பைட்டுகள் பக்கத்தில் இருந்த வேறொன்றின் மேல் போய் விழுந்தன. அங்கே என்ன இருந்தது என்பதைப் பொறுத்துச் சில நேரம் ஓடும், சில நேரம் நிற்கும். பத்திகள் கோணலானதற்கும் இதுவே காரணம்: பிரின்ட்எஃப் அகலத்தையும் பைட்டில்தான் கணக்கிடுகிறது.

இப்படி ஒளிந்திருக்கும் பிழையைக் கண்ணால் தேட வேண்டாம். ஜிசிசி-க்கு எஃப்சானிடைஸ் விருப்பத்தை அட்ரஸ் என்ற மதிப்புடனும், ஜி விருப்பத்தையும் சேர்த்துத் தொகுத்து ஓட்டுங்கள். எல்லை மீறிய வரியின் எண்ணையே சொல்லிவிடும். முக்கியமான எச்சரிக்கைகள் பலவற்றைக் காட்டும் டபிள்யூ-ஆல் விருப்பத்தை முதல் நாளிலிருந்தே விடாமல் சேர்க்கும் பழக்கமும் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெயரையும் சோதித்துப் பாருங்கள். கோத்தகிரியில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீளம் ஒன்றில் 27, மற்றொன்றில் 30. இரண்டையும் ஸ்டிரசிஎம்பி கொண்டு ஒப்பிட்டால் வெவ்வேறு என்றே சொல்லும். ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி செய்யும் மாணவர் இந்தப் பாடத்தைச் சந்திக்க வெகுகாலம் ஆகும். தமிழில் எழுதியதால் உங்களுக்கு இது முதலாண்டிலேயே கிடைத்திருக்கிறது.


குன்னூர்_ஆசிரியை | வியாழன், மாலை 6.00

இந்த ஒரு வாரத்தில் என் முதல் மாதத் திட்டம் முழுவதும் மாறிவிட்டது. முதல் நாளில் கட்டளைப் பட்டியல் கிடையாது. மேன் பக்கத்தைத் திறப்பது, அதில் சாய்கோடு கொண்டு தேடுவது, வெளியேறுவது, இவை மட்டும். முதல் இரண்டு வாரம் அவரவர் ஊர்க் கணக்கு. மழையோ, தேயிலையோ, கேரட் மூட்டையோ எதுவானாலும் சரி. மூன்றாம் வாரம் சி. முதல் நிரலின் பெயர் கட்டாயம் டெஸ்ட் என்றுதான் இருக்கும், ஏன் எதுவும் வரவில்லை என்பதை வகுப்பே சேர்ந்து கண்டுபிடிக்கட்டும். நான்காம் வாரம் தங்கள் ஊர்ப் பெயரின் நீளத்தை அளப்பது. பிழை ஏட்டுக்கு அகமதிப்பெண்ணில் ஐந்து ஒதுக்கத் துறைத்தலைவரிடம் கேட்டிருக்கிறேன். பழைய பாடக்குறிப்புகளிலிருந்து கோனியோ வரிகளை இந்த வார இறுதியில் நீக்கிவிடுவேன்.

இன்னும் தீராதது உரைத்திருத்தி. விம் கடினம் என்று நானோ கொடுத்தேன். காற்றடித்து மின்சாரம் போனபோது, சேமிக்காததெல்லாம் போய்விட்டது. எங்களிடம் யுபிஎஸ் எல்லாக் கணினிகளுக்கும் இல்லை. வீட்டில் கைபேசி மட்டும் வைத்திருப்பவர்கள் எப்படிப் பழகுவது என்பதற்கும் வழி சொல்லுங்கள்.


கூடலூர்_லேப் | வியாழன், இரவு 8.30

மின்வெட்டுக்காகவே நான் விம்மைப் பரிந்துரைக்கிறேன், மேடம். 200 எழுத்து தட்டியதும், அல்லது தட்டுவதை நான்கு வினாடி நிறுத்தியதும், அது தன் மாற்றுக்கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. மின்சாரம் திரும்பியதும் ஆர் விருப்பத்துடன் அதே கோப்பைத் திறந்தால், பெரும்பாலும் கடைசி வரி வரை மீண்டு வந்துவிடும். மீட்டுச் சேமித்த பின் அந்த மாற்றுக்கோப்பை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எச்சரித்துக்கொண்டே இருக்கும். உள்ளிடும் நிலை, கட்டளை நிலை, சேமித்து வெளியேறுவது, இந்த மூன்றையும் விம்ட்யூட்டர் அரை மணி நேரத்தில் கற்றுக் கொடுத்துவிடும். அதுவும் கணினியிலேயே இருக்கிறது.

கைபேசிக்கு, லினக்ஸ் முனையத்தைத் தரும் டெர்மக்ஸ் என்ற செயலி இருக்கிறது. அதை எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலித் தளத்திலிருந்து நிறுவச் சொல்லுங்கள். கிளாங் தொகுப்பி, மேக், விம் எல்லாம் அதில் கிடைக்கும். ஓடிஜி கம்பியில் ஒரு விசைப்பலகையைச் சொருகினால் ஆய்வகப் பயிற்சிகளில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். நிரலை டெர்மக்ஸின் சொந்த அடைவுக்குள்தான் வைக்க வேண்டும். கைபேசியின் பொதுச் சேமிப்பில் வைத்துத் தொகுத்தால், தொகுந்துவிடும், ஆனால் ஓட்டும்போது அனுமதி இல்லை என்று வரும். அந்த இடத்திலிருந்து எதையும் இயக்க ஆண்ட்ராய்டு விடுவதில்லை.


மஞ்சூர்_முதலாண்டு | வியாழன், இரவு 9.40

ஊர்ப் பெயருக்கு 64 இடம் கொடுத்தேன், அண்ணா. நிரல் இப்போது நிற்காமல் ஓடுகிறது. பத்திகளை நேராக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

மேடம், என் பிழை ஏடு உங்கள் மாணவர்களுக்குப் பயன்படும் என்றால் படம் எடுத்து அனுப்புகிறேன். கடைசிப் பக்கம் மட்டும் விடையில்லாமல் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் விண்டோஸ் நோட்பேடில் ஒரு ஷெல் நிரலை எழுதிப் பென் டிரைவில் கொண்டு வந்தேன். ஓட்டினால் பேட் இன்டர்பிரெட்டர் என்று சொல்லி, பேஷ் ஷெல்லின் பெயருக்குப் பின்னால் ஒரு கூரைக்குறியும் எம் எழுத்தும் காட்டுகிறது. நான் அப்படி எதையும் தட்டவில்லை.


கூடலூர்_லேப் | வியாழன், இரவு 9.55

விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை வைக்கும், லினக்ஸ் ஒன்றைத்தான் வைக்கும். மிஞ்சி நிற்கும் குறிதான் அந்தக் கூரையும் எம்மும். லினக்ஸ் அதையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு நிரல் இல்லை என்கிறது. டாஸ்2யூனிக்ஸ் என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அந்தக் கட்டளை இல்லை என்று வந்தால், அதே பெயரில் உள்ள பொதியை உங்கள் ஆய்வகத்தில் நிறுவச் சொல்லுங்கள். மிகச் சிறியது, சிக்னல் குறைவாக இருந்தாலும் இறங்கிவிடும்.